ஆஸ்துமாக்கு பஃப் அடிச்சா கை ஏன் நடுங்குது?

பார்மசி கவுண்டர்ல நிக்கிறவங்ககிட்ட நம்ம ஆளுங்க மொதல்ல கேக்குறது "இதுக்கு சைடு எஃபெக்ட் உண்டா"ங்கிறதுதான். மருந்துக்குள்ள நல்லது தனியா கெட்டது தனியா இருக்குன்னு ஒரு நெனப்பு. அட்ரினலின் வகையறா மருந்துங்கள்ல அப்படிக் கெடையாதுங்க, மூச்சுக்குழாயத் தெறந்து விடுற அதே வேலதான் கைய நடுங்க வைக்கிறதும், எடம் மட்டும்தான் வேற.

பயந்தாலோ கோவப்பட்டாலோ கிட்னிக்கு மேல இருக்கிற சுரப்பி அட்ரினலின ரத்தத்துல விடும், நரம்பு முனைங்கள்லேர்ந்து நார்அட்ரினலின் வரும். ரெண்டும் செல் மேல இருக்கிற ரிசெப்டர்ல போய் ஒட்டும். காலிங் பெல் மாதிரி வச்சுக்கோங்க, பெல் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் எந்த வீட்டு பெல்ல அமுக்குறோமோ அந்த வீட்டு ஆள்தான் எந்திரிச்சு வருவாங்க. பீட்டா பிளாக்கர்ங்கிறது பெல் மேல கைய வச்சு மறைச்சுட்டு நிக்கிற ஆளு.

இந்த ரிசெப்டர்ல ரெண்டு வகை இருக்கணும்னு 1948ல சொன்னவர் அமெரிக்காக்காரர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட். ஆல்ஃபா, பீட்டான்னு பேரு வச்சதும் அவர்தான். அப்ப ரிசெப்டர யாரும் கண்ணால பாத்ததே இல்ல, சில மருந்துங்கள எடுத்து எந்த உறுப்புல எது பலமா வேல செய்யுதுன்னு வரிசப்படுத்திப் பாத்தாரு, ஒரே வரிச எல்லா எடத்துக்கும் ஒத்து வரல, ரெண்டு வரிச வந்துச்சு, அதுலேர்ந்து கண்டுபிடிச்சாரு. ரொம்ப வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல. அப்புறம் ஜேம்ஸ் பிளாக் அந்த யோசனைய வச்சு 1960கள்ல புரோப்ரானலால்ங்கிற பீட்டா பிளாக்கரக் கொண்டு வந்தாரு, 1988ல நோபல் வாங்கினாரு. ஆல்குவிஸ்ட்டுக்கு நோபல் கெடைக்கல, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம் உண்டு.

இப்ப பஃப் கதைக்கு வருவோம். இங்க சிங்கப்பூர்ல எங்க பக்கத்து புளோக் ஆன்ட்டி ஒருத்தங்க, இந்தோனேசியா பக்கமிருந்து புகைமூட்டம் வந்தா நீலக் கலர் இன்ஹேலர் கையில இல்லாம லிஃப்ட்டுக்குக்கூட வர மாட்டாங்க. ரெண்டு பஃப் அடிச்சிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு கோப்பிக்கடையில தே-ஓ (பால் விடாத டீ) கப்பத் தூக்குனா சாசர்ல சொட்டும், "ஐயா இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல"ம்பாங்க. ஒத்துக்காம இல்ல. பீட்டாவுலயே 1, 2ன்னு பிரிவு உண்டு, அந்த நீல இன்ஹேலர்ல இருக்கிற சால்பியூட்டமால் பீட்டா 2 ரிசெப்டரத் தேடிப் போற மருந்து, மூச்சுக்குழாய்த் தசையில பீட்டா 2 இருக்கு, கை கால் தசையிலயும் அதே பீட்டா 2 இருக்கு. நெஞ்சுக்குள்ள போனதுல கொஞ்சம், தொண்டையில ஒட்டி முழுங்குனதுல கொஞ்சம்னு ரத்தத்துல கலந்தா கை நடுங்கத்தான் செய்யும், நெஞ்சு படபடன்னும் அடிக்கும். இன்ஹேலர் முனையில ஸ்பேசர்ங்கிற பிளாஸ்டிக் குழாய வச்சு இழுத்தா தொண்டையில ஒட்டுறது கொறையும், ஆனா அதப் பையில தூக்கிட்டு அலைய ஆன்ட்டிக்கு வெக்கம்.

எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் செல்லுக்குள்ள நடக்குறதுதான். பீட்டா ரிசெப்டர்ல மருந்து ஒட்டுனா உள்ள சைக்ளிக் ஏஎம்பின்னு ஒரு பொருள் கூடும். மூச்சுக்குழாய்த் தசையில அது கூடுனா தசை தளரும். இதயத்துல பீட்டா 1 வழியா அதே பொருள் கூடுனா கால்சியம் அதிகமா உள்ள வந்து தசை இன்னும் பலமா சுருங்கும். ஒரே சேதி, ஒரு எடத்துல தளரு, இன்னொரு எடத்துல இறுகுன்னு அர்த்தமாகுது! இந்த ரிசெப்டருங்க எப்படி வேல செய்யுதுன்னு காட்டுனதுக்குத்தான் லெஃப்கோவிட்ஸ், கோபில்கா ரெண்டு பேருக்கும் 2012ல வேதியியல் நோபல்.

கடுமையான அலர்ஜியில தொடையில அட்ரினலின் ஊசி போடுறாங்கல்ல, அங்க எல்லாமே வேணும், ஆல்ஃபா 1 ரத்தக்குழாய இறுக்கி பிரஷர ஏத்தும், பீட்டா 1 இதயத்தத் தள்ளும், பீட்டா 2 மூச்ச விடவைக்கும். மூக்கடைப்பு ஸ்ப்ரே அந்த ஆல்ஃபா வேலைய மூக்குக்குள்ள மட்டும் செய்யுது, ஆனா நாள்கணக்கா அடிச்சிட்டே இருந்தா அடைப்பு முன்னவிட மோசமாத் திரும்பி வரும்.

பிளாக்கர் பக்கம்தான் நம்ம வீடுகள்ல குழப்பம். பிரஷருக்கு பாலிகிளினிக், கண்ணுக்கு ஆஸ்பத்திரி, சளிக்கு வீட்டுக்குக் கீழ இருக்கிற கிளினிக்னு மூணு எடத்துல மருந்து வாங்குவோம், "வேற மருந்து சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டா கண்ணுல விடுற சொட்டு மருந்த யாரும் சொல்றதே இல்ல, அது "சாப்பிடுற" மருந்து இல்லையே. கிளாக்கோமாங்கிற கண் அழுத்த நோய்க்கு குடுக்குற டிமோலால் சொட்டு ஒரு பீட்டா பிளாக்கர். கண்ணோரத்துக் குழாய் வழியா மூக்குக்கு எறங்கி, கல்லீரலத் தொடாம நேரா ரத்தத்துல ஏறிடும். ஆஸ்துமாக்காரங்களுக்கு ஒரு சொட்டே மூச்ச இழுத்துப் புடிச்சிரலாம். அதனால ஆஸ்துமா இருந்தா கண் டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிருங்க. அந்தச் சொட்டு போடுற மத்தவங்களும் கண்ண மூடி, மூக்க ஒட்டுன கண் மூலைய ஒரு ரெண்டு நிமிஷம் அமுக்கிப் புடிச்சா உள்ள போறது நல்லாவே கொறையும்.

சர்க்கரைக்காரங்க பீட்டா பிளாக்கர் எடுத்தா இன்னொண்ணு. சுகர் எறங்கும்போது வர்ற நடுக்கமும் படபடப்பும் அமுங்கிப் போகும், வேர்வை மட்டும் வரும், ஏன்னா வேர்வைச் சுரப்பிய ஓட்டுறது பெரும்பாலும் அசிட்டைல்கோலின்ங்கிற வேற ஒரு நரம்புச் சேதிப்பொருள், அத பீட்டா பிளாக்கர் தடுக்காது. சும்மா உக்காந்திருக்கும்போது வேர்த்தா நம்ம ஊரு வெக்கைன்னு விட்டுராதீங்க, சுகர் செக் பண்ணுங்க.

புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுக்குற அங்கிள்களுக்கும் ஒண்ணு. அது ஆல்ஃபா 1 பிளாக்கர், அந்த ஆல்ஃபா 1 கண்ணு கருவிழித் தசையிலயும் இருக்கு, கேட்டராக்ட் ஆபரேஷன் அப்ப கண்ணுக்குள்ள அந்தத் தசை தொளதொளன்னு ஆடி சர்ஜனுக்குத் தொல்ல குடுக்கும், அதனால தேதி குறிக்கும்போதே சொல்லிருங்க.

ஊருக்குப் போறவங்க கவனிங்க. பீட்டா பிளாக்கர ரொம்ப நாளா எடுத்துட்டிருந்தா உடம்பு ரிசெப்டர் எண்ணிக்கைய ஏத்தி வச்சிருக்கும், திடீர்னு மாத்திரை நின்னா அட்ரினலின் அத்தனையிலயும் போய் ஒட்டும், நெஞ்சு தாறுமாறா ஓடும், இதய நோய் உள்ளவங்களுக்கு நெஞ்சுவலியே வரலாம். திருச்சி ஃபிளைட்டுக்கு முன்னாடி தங்குற நாளுக்கு மேலயே மாத்திரை எடுத்து வைங்க, செக்-இன் பெட்டியில போடாம கைப்பையில வைங்க. பிராண்ட் பேரு அங்க வேற, அதனால பிசோப்ரோலால், அட்டினலால்னு மருந்துப் பேரையும் எத்தன மில்லிகிராம்ங்கிறதையும் ஒரு சீட்டுல எழுதிக்கோங்க.