நாலு மூட்டை அரிசி, ஒரு சைக்கிள், 500 கிலோமீட்டர்

டெல்லி காரி பாவ்லிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தள்ளுவண்டியில் மிளகாய் மூட்டைகளை அடுக்கி, ஒருவர் முன்னால் இழுக்க, இன்னொருவர் பின்னால் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். சமதரையில் வண்டி சும்மா உருளும். சின்ன மேடு வந்தால் போதும், இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு 1954-இன் வியட்நாமுக்கு, அதன் வடமேற்கு மலைகளுக்குப் போவோம்.

வியட்நாம் விடுதலைப் படை, தன் நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களை வென்ற தியன் பியன் பூ சண்டையைப் பற்றி நாம் கேட்டதெல்லாம் ஒரு வரிதான்: ஏழை விவசாயிகள் சைக்கிளில் அரிசி கொண்டுபோய் பிரெஞ்சு ராணுவத்தைத் தோற்கடித்தார்கள். பொய்யில்லை. ஆனால் தலைச்சுமை இருக்க, மாடு இருக்க, ஏன் சைக்கிள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அந்தச் சண்டை புரியாது என்றே நினைக்கிறேன்.

1953 நவம்பர் 20 அன்று பிரெஞ்சு பாராசூட் வீரர்கள் லாவோஸ் எல்லையை ஒட்டிய தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் குதித்தார்கள். ஹனோயிலிருந்து வான்வழியே சுமார் 300 கிலோமீட்டர். உணவு, குண்டு, மருந்து எல்லாம் டக்கோட்டா விமானத்தில்தான் வரவேண்டும். பிரெஞ்சுத் தளபதி நவாரின் தரப்பு போட்ட கணக்கு இது: எதிரியால் அந்த மலைக்காட்டுக்குள் பெரிய பீரங்கிகளைக் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தாலும் அத்தனை பேருக்கு மாதக்கணக்கில் சோறு போட முடியாது. இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. தலைச்சுமையை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரியானதே.

நாமே போட்டுப் பார்க்கலாம். தோளில் காவடித் தண்டு போட்டு, இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு நடப்பவர் மலைப்பாதையில் 25 கிலோ சுமப்பார். ஒரு இரவில் 25 கிலோமீட்டர். தான் ஹோவா மாகாணத்து வயலிலிருந்து போர்முனைக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்தால், போக 20 நாள், திரும்ப 20 நாள். சுமை தூக்குகிறவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ அரிசியாவது வேண்டும். 40 நாளுக்கு 30 கிலோ. தூக்கியதே 25 தான்! ஒரு பிடி அரிசி கூடப் போய்ச் சேராது. வழியில் ஆளை மாற்றி மாற்றி அனுப்பினாலும் பயனில்லை. ஆள் மாறினாலும் பசி அதேதான்.

அதே ஆள் ஒரு சைக்கிளில் 200 கிலோவை உருட்டிக்கொண்டு போகட்டும். அதே 40 நாள், அதே 30 கிலோ சாப்பாடு. மீதி 170 கிலோ போய்ச் சேரும். நம் கணக்கில் நாலு மூட்டை ஏற்றினால் மூன்றரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு.

அந்தச் சைக்கிளை யாரும் ஓட்டவில்லை, சீட்டில் உட்காரவும் இல்லை. பெரும்பாலும் பிரான்சில் செய்த பூஜோ, சாந்த் எத்தியேன் வண்டிகள். நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்து விற்ற அதே சரக்கு. முதல் வேலையாக சீட்டைக் கழற்றி, அது இருந்த குழாயில் ஒரு மீட்டர் அளவுக்குக் கெட்டியான கம்பை நட்டார்கள். வண்டியைத் தள்ளவும் நிமிர்த்திப் பிடிக்கவும் அந்தக் கம்பு. அடுத்தது ஹேண்டில்பார். மூட்டைகள் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்பதால் பக்கத்தில் நடக்கிறவருக்கு ஹேண்டில் எட்டாது. அதனால் அதன் இடது முனையில் ஒரு மூங்கிலை இறுக்கிக் கட்டி நீட்டினார்கள். இடது கை மூங்கிலில், வலது கை கம்பில். ஃபோர்க்கும் ஃப்ரேமும் வளையாமலிருக்க இரும்புத் துண்டோ மரத்துண்டோ வைத்து முட்டுக்கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது டயர் வேலை. 200 கிலோ ஏறியதும் ட்யூப் நசுங்கும்; கூர்மையான கல் பட்டால் டயரோடு சேர்ந்து கிழியும். அதற்குப் பழைய துணியை, சிலர் உடுத்தியிருந்த கால்சட்டையையே, நீளநீளமாகக் கிழித்து ட்யூபுக்கும் டயருக்கும் நடுவில் சுற்றினார்கள். டயர் தாங்கும் பாரம் கூடியது, பஞ்சரும் குறைந்தது. நம்மூர் சைக்கிள் கடைகளில் கிழிந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டுவார்களே, அதே புத்திதான்.

இத்தனை செய்தும் கெட்டுப்போக வழிகள் ஏராளம். ஏற்றத்தில் ஒரு ஆளால் ஆகாது. இரண்டு மூன்று பேர் கயிறு கட்டி இழுத்து, வண்டியை மேலே விட்டு, அடுத்ததற்குக் கீழே இறங்கி வரவேண்டும். அதனால் வண்டிகள் தனித்தனியாகப் போகாமல் குழுவாகவே போயின. உயிரை வாங்கியது இறக்கம்தான். அத்தனை பாரத்தை பிரேக் கட்டை நிறுத்தாது, பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் இறக்க முடியும். கயிறு கை நழுவினால் வண்டியும் அரிசியும், சில நேரம் ஆளும் பள்ளத்தில். 32 கிலோமீட்டர் நீளும் ஃபா டின் கணவாயை இப்படித்தான் தாண்டினார்கள், அதுவும் இருட்டில். மழை பெய்தால் மூட்டை கனக்கும். நனைந்த அரிசி ஓரிரு நாளில் புளித்து நாறும். இரண்டு சாலைகள் கூடும் கோ நோய் முச்சந்தியில் விமானங்கள் ஓயாமல் குண்டு போட்டன. பள்ளங்களை மண் போட்டு மூடிக்கொண்டே இருந்த இளைஞர்களில் சுமார் நூறு பேர் அங்கேயே இறந்தார்கள்.

எல்லாம் சைக்கிள்தான் செய்தது என்று எழுதுவதும் தவறு. சோவியத் லாரிகள் 600-க்கு மேல் ஓடின. சீன எல்லையிலிருந்து நாம் நா ஆற்றில் மூங்கில் தெப்பங்களில் அரிசி வந்தது. 105 மி.மீ. பீரங்கிகளைக் கடைசி மலைச்சரிவுகளில் படைவீரர்களே வடம் பிடித்து இழுத்தார்கள். சைக்கிள்கள் ஏறக்குறைய 21,000, ஆட்கள் 2.6 லட்சம். சாலை உடைந்து லாரி நின்ற இடத்திலும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. ஒரே வண்டியில் அதிகபட்சமாக ஏற்றியது 352 கிலோ. அந்தச் சாதனை மா வான் தாங் என்பவருடையது.

இத்தனையும் தேவைப்பட்டதற்கு ஒரு முடிவு காரணம். 1954 ஜனவரியில் சில நாட்களில் முடித்துவிடும் திட்டத்தோடு இருந்த வியட்நாம் படைத் தளபதி ஜியாப், 26-ஆம் தேதி தாக்குதலை நிறுத்திவிட்டு, மலையேற்றிய பீரங்கிகளைத் திரும்ப இறக்கச் சொன்னார். நிதானமாக நெருங்குவது என்று மாற்றினார். சில நாளுக்கான அரிசி இப்போது மாதக்கணக்குக்கு வேண்டும். மார்ச் 13 அன்று தொடங்கிய சண்டை மே 7 வரை நடந்தது. மார்ச் கடைசியில் பிரெஞ்சு முகாமின் ஓடுபாதை மூடிப்போனது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இனி பாராசூட்டில் விழும் சரக்குதான். அதிலும் ஒரு பங்கு எதிரி பக்கம் போய் விழுந்தது.

ஏப்ரலில் இந்தக் கணக்குக்குள் டெல்லியும் வந்தது. பிரெஞ்சு வீரர்களை ஏற்றிய அமெரிக்க விமானங்கள் இந்திய வானில் பறக்கக் கூடாது என்று நேரு மறுத்துவிட்டார். விமானங்கள் கொழும்பு வழியாகப் போயின. சுற்றுவழிதான், நின்றுவிடவில்லை. ஆனாலும் டெல்லி செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1945 செப்டம்பரில் ஜப்பானியரின் ஆயுதங்களைக் களைய என்று ஜெனரல் கிரேசியின் கீழ் சைகோனுக்குப் போய், அங்கே பிரெஞ்சு ஆட்சி திரும்ப உட்கார உதவியது இந்திய 20-ஆம் டிவிஷன். நம் சிப்பாய்களை அங்கே அனுப்பியது டெல்லியில் அப்போது உட்கார்ந்திருந்த வேறு அரசு.

அரிசி கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். 1944-45 பஞ்சத்தில் வடக்கு வியட்நாமில் செத்தவர்கள் 4 லட்சம் முதல் 20 லட்சம் வரை என்று வெவ்வேறு மதிப்பீடுகள் சொல்கின்றன. பிரெஞ்சு நிர்வாகம் அடிமாட்டு விலைக்கு நெல்லைக் கட்டாயக் கொள்முதல் செய்தது. ஜப்பானியர் நெல் வயலில் சணல் போட வைத்தார்கள். தெற்கில் மின்நிலையங்களில் அரிசியை எரித்தார்கள். ரயில் பாதை குண்டுவீச்சில் அறுந்ததால் தெற்கத்தி அரிசி வடக்கே வரவில்லை. 1943 வங்காளம் நினைவுக்கு வராமல் இருக்காது. வியட்நாமின் அந்தப் பஞ்சம் முடிந்து பத்து வருடம் கூட ஆகவில்லை. மூட்டை கட்டிக் கொடுத்த வீடுகளில் பட்டினியைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் இத்தனை அரிசி, இத்தனை ஆள் என்று அளவு வைத்துத்தான் வாங்கினார்கள். எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்கள் என்று நான் எழுத மாட்டேன்.

சைக்கிள் வாங்க வசதியில்லாதவர்கள் மரத்தில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்துகொண்டார்கள். தான் ஹோவாக்காரர் ஒருவர் செய்த வண்டி இன்று தியன் பியன் பூ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சக்கரத்துக்குப் போதுமான பலகை அவரிடம் இல்லை. மூன்று துண்டுகளை ஒட்டவைத்து வட்டமாக்கியிருக்கிறார். அதில் ஒன்று, வீட்டில் முன்னோருக்குப் படையல் வைக்கும் மேடையிலிருந்து எடுத்த பலகை.