ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 15, 2025, செவ்வாய்

காலை ஆறேகாலுக்கு, மனநல சிகிச்சையில் இருப்பவர்களோடு தெப்பக்குளம் நடை. பதினொரு பேர் வந்தார்கள். பேனா அண்ணன் வரவில்லை. சுற்றுகளை எண்ணுவது அவர் வேலை. சட்டைப்பையில் இருக்கும் மூன்று பேனாக்களில் சிவப்பை எடுத்து உள்ளங்கையில் கோடு போட்டுக்கொள்வார். இன்று எத்தனை சுற்று என்று எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பதிவேட்டில் இரண்டு என்று எழுதினேன்.

ஜூலை 16, புதன்

இன்றும் இல்லை. அவர் அம்மாவின் போன் சுவிட்ச் ஆஃப்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

அண்ணன் சாப்பிடுவது க்ளோசாபின், மனநோய்க்கான மாத்திரை. முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை, வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க. அவருக்கு இது பதினோராவது வாரம். செவ்வாய்க்கிழமை எடுத்திருக்க வேண்டிய ரத்தம் எடுக்கப்படவில்லை. மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பப் போடக்கூடாது. டாக்டரிடம் வந்து 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற வேண்டும். இதை அம்மாவிடம் நான்தான் சொன்னேன். ஆனால் அன்று பின்னால் கேரம் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, ஒரே சத்தம். தலையை ஆட்டினார். காதில் விழுந்துதான் ஆட்டினாரா?

ஜூலை 21, திங்கள்

வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். பூட்டு. பக்கத்து வீட்டில், "ஊருக்குப் போயிருக்காங்க" என்றார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நிதி தருபவர்கள் படம் கேட்டிருக்கிறார்கள். பயனாளிகள் சிரிக்கிற மாதிரி ஆறு படம், செய்திக்குறிப்போடு பத்திரிகைக்கும் போகுமாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் சிகிச்சையில் இருப்பவரின் படத்தை ஊடகத்துக்குக் கொடுக்க முடியாது என்று பதில் எழுதினேன். கீரைப் பாத்தியின் படத்தை அனுப்பினேன். கீரை நன்றாக வந்திருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. நான்கே பேர். அமாவாசையன்று வெளியே அனுப்பப் பல வீடுகளில் இன்னும் பயம். பேனா அண்ணன் எந்த ஊரில் இருக்கிறாரோ.

ஜூலை 25, வெள்ளி

கோலம் வகுப்பு. வில்லாபுரத்து அக்கா பதினைந்து புள்ளி நேர்ப்புள்ளியில் சிக்குக் கோலம் போட்டார். அவர் கையில் மாவு நூல் மாதிரி இறங்கும், வளைவில்கூட அறுந்து நான் பார்த்ததில்லை. இன்று புள்ளிகள் எல்லாம் சரியாக விழுந்தன. இழைதான் ஒவ்வொரு வளைவிலும் நடுங்கியது, மாவு இரண்டு மூன்று இடத்தில் கொட்டியது. "ஒண்ணுமில்லத்தா, கை வேர்க்குது" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காலையில் என்ன சாப்பிட்டார், நேற்று என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆடி ஒன்றிலிருந்து ஒரு பொழுதுதான் சாப்பாடாம், அதுவும் உப்பில்லாமல். மகள் கல்யாணத்துக்காக அம்மனுக்கு நேர்ந்துகொண்டது. ஒன்பது நாள்!

அக்கா பல வருஷமாக லித்தியம் என்ற மனநல மாத்திரையில் இருப்பவர். உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறிவிடும். இந்த வெயிலில் காலையில் அவரை நடக்கவிட்டு வேர்க்க வைத்ததும் நான்தான். உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். இன்று இரவு மாத்திரை வேண்டாம், ரத்தம் எடுங்கள், தண்ணீர் கொடுங்கள் என்றார். மோரில் உப்புப் போட்டு நீட்டினேன். அக்கா டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் "ஆத்தா மன்னிச்சுக்கிருவா" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 26, சனி

ரத்தத்தில் லித்தியம் 1.4. போன முறை 0.8 இருந்தது. தப்பித்தோம்.

ஜூலை 29, செவ்வாய்

அளவு இறங்கியிருக்கிறது. மாத்திரையைக் குறைத்துத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் நேர்த்திக்கடன் அப்படியே நிற்கிறதே என்று அக்காவுக்குக் கவலை. உப்புக்குப் பதிலாகக் காபியை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். நல்லவேளை, முன்கூட்டியே கேட்டார். காபியைத் திடீரென்று நிறுத்தினாலும் லித்தியம் ஏறும். சாப்பாட்டில் கை வைக்காத வேண்டுதலாக யோசிப்போம் என்றேன். இதற்கு யாரும் எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

ஜூலை 30, புதன்

மூன்று வீட்டுக்குப் போன் செய்து விரதம் பற்றிக் கேட்டேன். சேர்க்கைப் படிவத்தில் விரதம் என்று ஒரு கேள்விகூட இல்லை. கேரம் பிடிக்குமா என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அக்கா அவரே முடிவு செய்துவிட்டார். ஆடி வெள்ளிதோறும் அம்மன் கோயில் வாசலில் இருபத்தொரு புள்ளிக் கோலம். இன்று காலை நானும் போய் மாவுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். இழை ஒரு இடத்திலும் அறுபடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேனா அண்ணன் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

2001-இல் இதே நாளில்தான் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். 28 பேர். ஓட முடியவில்லை.

எங்கள் நடைக்கு வருகிற பெரியவர் ஒருவருக்குக் கணுக்காலைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி தழும்பு. எங்கே, யார் கட்டினார்கள் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தோம், போட மாட்டார். கணுக்காலில் எதுவும் படக்கூடாது. வெறுங்காலோடு நடப்பார், நான் முன்னால் கல் பார்த்துக்கொண்டே போவேன்.

இன்று ஒரு சுற்று முடிந்ததும் அவரே நின்று, "எண்ணுற பையன் எங்க டீச்சர்?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறார் ஐயா என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். அவர் காலைப் பார்த்தேன். பதில் சொல்ல வரவில்லை. பேனா அண்ணன் எந்த வீட்டில், எந்த அறையில் இருக்கிறார்? கதவு திறந்திருக்கிறதா?

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மாவின் எண் இன்றும் சுவிட்ச் ஆஃப். ஒரு நாளைக்குப் பதினாறு முறை அழைக்கிறேன். நான் எண்ணுவதை நிறுத்த வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலை நாலரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அண்ணனின் அம்மா. மானாமதுரையில் அவர் தங்கை வீட்டில் இருக்கிறார்களாம். போன் தொலைந்துவிட்டதாம், என் எண் இன்றைக்குத்தான் பழைய சீட்டில் கிடைத்ததாம். மாத்திரை? "பத்து நாள் முன்னாடியே தீந்துபோச்சு டீச்சர்." ராத்திரியெல்லாம் தூங்காமல் சுவரில் எழுதிக்கொண்டே இருக்கிறாராம். கட்டிப்போட்டிருக்கிறார்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். "அய்யோ, இல்லம்மா" என்றார்.

எங்கும் மாத்திரை வாங்கி நீங்களாகத் தொடங்கக்கூடாது, காய்ச்சல் இருந்தால் உடனே சொல்லுங்கள் என்று சொன்னேன். இந்த முறை அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். சரியாகச் சொன்னார். நாளைக் காலை முதல் பஸ். மாட்டுத்தாவணிக்கு ஏழு மணிக்குள் போய் நிற்க வேண்டும். டாக்டரிடம் சொல்லியாயிற்று. சிவப்புப் பேனா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்