கன்று வீச்சு ஊசியும் காட்டெருமையும்

எங்கள் தொண்டிப் பக்கம் கன்று வீச்சு நோய்க்கு ஊசி என்றால் கிடேரிக் கன்றுக்கு மட்டும்தான். நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள், ஆயுளுக்கு ஒரே தடவை. காளைக் கன்றுக்குப் போட்டால் விதை வீங்கிவிடலாம்.

புருசெல்லா என்ற பாக்டீரியாவின் வேலை இது. சினை முற்றுகிற நேரத்தில் கரு கலைந்து கன்று விழுந்துவிடும். விழுந்த கன்றையும் இளங்கொடியையும் (நஞ்சுக்கொடி) நக்குகிற அடுத்த மாட்டுக்கும் தொற்றும்.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காக் காட்டெருமைகளுக்கும் இதே நோய்தான். 1917-இல் கண்டுபிடித்தார்கள். கொடுத்தது யார்? ஐரோப்பாவிலிருந்து போன வீட்டு மாடுகள். இப்போது காட்டெருமை எல்லை தாண்டினால் மாட்டுப் பண்ணைக்காரர்கள் பதறுகிறார்கள். அநியாயம்தான்! இத்தனைக்கும் சமீப காலத்தில் அந்த வட்டார மாடுகளுக்கு நோய் வந்தது எல்க் மான்களிடமிருந்து என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன.

ஆர்பி51 என்று தடுப்பூசி இருக்கிறது. ஆனால் காட்டெருமையை யார் கயிறு போட்டுப் பிடிப்பது? தூரத்திலிருந்து துப்பாக்கியால் மருந்தைச் செலுத்தலாமா என்று ரொம்ப நாள் யோசித்தார்கள். அந்த ஊசி முழுப் பாதுகாப்பு தராது, மந்தையும் மிரளும். 2014-இல் அந்தத் திட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். கன்று வீசிய மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டாதீங்க. கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைங்க. காய்ச்சாத பாலும் வேண்டாம். மனிதர்களுக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் இதனால் வரும். அடுத்த தடுப்பூசி முகாம் எப்போது என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைங்க.