தலைக்கட்டு வரி

மே 6, 2024

காலையில் பெரியப்பா மகனும் இன்னும் மூன்று பேரும் நோட்டோடு வந்தார்கள். வைகாசித் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இரண்டாயிரம் வரி. "சித்தப்பாதான் கருப்புச் சட்டை. நீயாவது இந்த வருசம் கோயிலுக்குள்ள வருவியாடா?" என்று சிரித்தான் அண்ணன். வரியைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மே 7

அப்பாவின் கணக்கு நோட்டுகளைத் தேடி எடுத்தேன். வருசா வருசம் வரி கொடுத்திருக்கிறார். "திருவிழா 150. நாடகம், ரேடியோ செட், சாப்பாடு வகைக்கு." சாமி என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை!

1974-இல் ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்தவர். "1967-ல அண்ணா சட்டத்தைத் திருத்தலேன்னா நம்ம கல்யாணமே செல்லாது, தெரியுமா" என்று அம்மாவைச் சீண்டுவார். அம்மாவோ செவ்வாய், வெள்ளி விளக்கேற்றாமல் இருந்ததில்லை. பெரியார் சிலைப் பீடங்களில் இருக்குமே, "கடவுள் இல்லை" என்று தொடங்கி, "வணங்குகிறவன் காட்டுமிராண்டி" என்று முடியும் வாசகம். அதைக் கூட்டத்தில் முழங்கிவிட்டு வந்து, அம்மா படைத்த கொழுக்கட்டையில் நாலைந்தை உள்ளே தள்ளுவார். அந்த வாசகத்தில் எனக்கு முதல் வரி போதும். கடைசி வரியை அம்மா இருக்கிற வீட்டில் எப்படிச் சொல்வது?

மே 10

மகளுக்கு ஆறாம் வகுப்புச் சேர்க்கை. மதம் என்ற இடத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேன் என்கிறது. சாதி, மதம் சொல்ல விரும்பாதவர்கள் அதைக் காலியாக விடலாம் என்று 1973-லேயே அரசாணை இருக்கிறது, சொன்னேன். "சும்மா இந்துன்னு போடுங்க சார், யாரு கேக்கப் போறா" என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா பல வருசம் அலைந்து, 2019-இல் சாதி மதம் அற்றவர் என்று சான்றிதழே வாங்கினார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. சாதியை விட்டால் இடஒதுக்கீடும் போய்விடும். வகுப்புவாரி உரிமைக்காக 1925-இல் காங்கிரசையே விட்டு வந்தவர் பெரியார். அதை விட்டுக்கொடுத்துவிட்டு நாத்திகம் பேச எனக்கு மனசில்லை. மதம் மட்டும்தான் வேண்டாம்.

கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று கண்ணில் பட்டது, தட்டிவிட்டேன். "மற்றவைன்னா என்னப்பா?" என்றாள் மகள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

மே 14

இன்று ராத்திரி காப்புக் கட்டு. சாயங்காலம் போய் அண்ணனிடம் இரண்டாயிரத்தைக் கொடுத்தேன். நோட்டில் எங்கள் வீட்டுக்கு நேராக அப்பா பெயர் இன்னும் அடிக்காமலே இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் "க.ச."

என்னது என்று கேட்டேன்.

"கருப்புச் சட்டை. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான் எழுதறது. திருநீறு நீட்டக் கூடாது, தேங்காய்ப் பழம் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வரி உண்டு, பந்தியில இலை உண்டு."

பேனாவைத் திறந்தபடி கேட்டான். "உன் பேருக்கும் அதையே போட்டுறவா?"

போடு என்றேன்.