மக வயித்துப் பேரன்

மே மாத லீவுக்குப் பிள்ளையைத் திருநெல்வேலிப் பக்கம் தாத்தா ஆச்சி இருக்கிற ஊருக்கு அனுப்புவது என்றால் பல வீடுகளில் நாலு நாள் கணக்குதான். நெல்லையப்பர் கோயில் ஒரு நாள், பாபநாசம் ஒரு நாள், குற்றாலம் ஒரு நாள், அல்வா வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். (குற்றாலத்தில் சீசன் ஜூனில்தான். மே மாதம் போனால் பெரும்பாலும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.) இப்படி வந்து போகிற பிள்ளையைத் தெருவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது.

பிள்ளை ஊரோடு ஒட்டக் குறைந்தது மூன்று வாரம் வேண்டும். முதல் நாலைந்து நாள் சாப்பாட்டில் குறை சொல்லும், ராத்திரி அம்மாவைக் கேட்டு அழும். ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து தானாகக் கதை கேட்பது அதற்கப்புறம்தான். பெற்றோர் கூடவே இருந்தால் இது நடக்காது, எதற்கும் அம்மாவிடமே ஓடும். கொண்டுவிட்டு இரண்டாம் நாளே கிளம்பிவிடுங்கள். போன் ராத்திரி ஒரு தடவை போதும். நாளுக்கு மூன்று முறை கூப்பிட்டு "சாப்ட்டியா" என்று கேட்டால் அடங்கிய ஏக்கம் திரும்பக் கிளம்பும். ஆறு வயதுக்குக் கீழே தனியாக விட வேண்டாம். எழுபது தாண்டியவர்களிடம் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் விடுவதும் அவர்களுக்குச் செய்கிற கொடுமை. கிளம்பும்முன் தாத்தாவின் மாத்திரை டப்பாவைக் கைக்கு எட்டாத இடத்தில் ஏற்றி வையுங்கள். பெரும்பாலும் அது ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கும்.

தெருவில் இறங்கியதும் வருகிற முதல் கேள்வி, "ஏல, நீ யாரு மவன்?" அப்பா பெயரையும் அவர் கம்பெனியையும் சொன்னால் அது பதிலாகாது. "மேலத்தெரு வாத்தியார் வீட்டு மக வயித்துப் பேரன்", அதாவது மகள் பெற்ற பேரன், என்று சொல்லிப் பார்க்கட்டும். கேட்டவர், தான் அவனுக்கு என்ன முறை ஆக வேண்டும் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். இந்த ஒரு வரியை ரயிலிலேயே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

பிறகு முறை. ஆன்ட்டி, அங்கிள் என்ற இரண்டு சொல்லில் பட்டணத்துப் பிள்ளை எல்லாரையும் அடக்கிவிடுகிறது. அப்பாவுடன் பிறந்தவள் அத்தை, அம்மாவின் தங்கை சித்தி, அண்ணன் பெண்டாட்டி மதினி என்று வாயில் வர ஒரு நோட்டு உதவும். நாற்பது பக்கம் போதும். பிள்ளைதான் எழுத வேண்டும், ஆச்சி சொல்ல வேண்டும். அடியில் தன் பெயர், அதற்கு மேல் அப்பா அம்மா என்று இரண்டு பெயர், அதற்கு மேல் அவர்களைப் பெற்ற நாலு பேர், அதற்கு மேல் எட்டு. எட்டையும் நிரப்ப நாலைந்து சாயங்காலம் ஆகும். ஒரே மூச்சில் கேட்டால் ஆச்சிக்குச் சலிப்பு வந்து, "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்று எழுந்துவிடுவாள்.

இதில் மூன்று இடத்தில் தடுக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் ஒன்றுவிட்டு ஒன்று ஒரே பெயராக வரும். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். அதனால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஊர், தெரு, செய்த வேலை மூன்றையும் எழுதினால்தான் ஆள் பிரியும். அடுத்தது, பெண்களின் பிறந்த ஊர். "அவ இவரு பெண்டாட்டி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவளா, சேரன்மகாதேவியில் பிறந்தவளா என்று விடாமல் கேட்க வேண்டும். பாதி உறவு அந்த ஊர்களில்தான் இருக்கிறது. கடைசியாக, சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த வீடுகளில் ஒரே ஆள் அப்பா வழியில் மாமாவாகவும் அம்மா வழியில் சித்தப்பாவாகவும் வருவார். இரண்டையும் எழுதிவிட்டு எப்படிக் கூப்பிடுவது என்பதை ஆச்சியிடமே விட்டுவிடுங்கள். எந்த வழி நெருக்கம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

நோட்டின் கடைசிப் பக்கம் குலதெய்வத்துக்கு. இந்தப் பக்கம் அது பெரும்பாலும் சாஸ்தா, அதாவது அய்யனார். எந்த சாஸ்தா, எந்த ஊர், பஸ்ஸில் எங்கே இறங்க வேண்டும், பொங்கல் வைக்க என்னென்ன கொண்டு போக வேண்டும், எல்லாம் எழுத வேண்டும். சாஸ்தாவைக் கும்பிடப் போகிற பங்குனி உத்திரம் பரீட்சை நேரத்தில் வருவதால் பல பிள்ளைகள் சாஸ்தா கோயிலையே பார்த்ததில்லை. கூட்டமில்லாத ஒரு சனிக்கிழமை தாத்தாவோடு போகட்டும். வழி மறந்த குடும்பம் பிறகு தேடி அலைய வேண்டியிருக்கும். சாஸ்தா எது என்றே தெரியாமல் போனவர்கள் பாபநாசத்துக்கு மேலே காரையாறில் இருக்கிற சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடுகிறார்கள்.

பிள்ளைக்கென்று வீட்டில் தினம் ஒரு வேலை வேண்டும். கண் மங்கிய தாத்தாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவதை மிஞ்ச எதுவும் இல்லை. முதல் வாரம் தலைப்பு மட்டும், அடுத்து உள்ளூர்ச் செய்தி கால் பக்கம். தமிழ் தடுமாறுகிற பிள்ளைக்கு இது டியூஷனைவிட நன்றாக வேலை செய்யும். காரணம், கேட்பவருக்கு நிஜமாகவே செய்தி தேவைப்படுகிறது.

உளுந்தங்களி கிண்டும் நாளில் அடுக்களையில் கூட நிற்கட்டும். தோல் உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, வறுத்துத் திரித்த மாவு. ஒரு டம்ளர் மாவுக்கு ஒன்றரை டம்ளர் தட்டிய கருப்பட்டி, இரண்டரை டம்ளர் தண்ணீர், நல்லெண்ணெய் அரை டம்ளர். கருப்பட்டியில் மண் இருக்கும், கரைத்து வடிகட்ட வேண்டும். பாகு சூடாக இருக்கும்போது மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். ஆறவிட்டுக் கரைத்து, சிறு தீயில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கலாம். உருட்டுவது பிள்ளையின் வேலை.

ஆற்றுக்கு நீந்தத் தெரிந்த பெரியவரோடுதான் போக வேண்டும், அதுவும் ஊரார் குளிக்கிற படித்துறையில். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் எதற்குப் பக்கத்திலும் இறக்க வேண்டாம். மேல்புறம் அசையாமல் நிற்கிற தண்ணீர் ஆழம், கீழ்ப்புறம் சுழற்றும். மணல் அள்ளிய குழி வெளியே தெரியாது. முழங்கால் அளவு நடந்த இடத்திலிருந்து அடுத்த அடி தலைக்கு மேல் போய்விடும்.

ஊர் திரும்பும்போது நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு ஆச்சியின் பெட்டியிலேயே இருக்கட்டும். விட்டுப்போன பெயர் ஞாபகம் வந்தால் குறித்துவைக்க அவளுக்கு ஒரு பேனாவும் வேண்டும்.