உத்திரமேரூருக்கு ஒரு நாள், அவசரமில்லாமல்

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் பயணம் என்றால் மாமல்லபுரம், காஞ்சிபுரம், பாண்டிச்சேரி இந்த மூன்றும்தான் சட்டென்று நினைவுக்கு வரும். மூன்றும் நல்ல ஊர்கள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் போனால் வண்டி நிறுத்த இடம் தேடுவதும் வரிசையில் நிற்பதுமாகவே நேரம் கரைந்துவிடும். வயதான அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு போய், உட்கார்ந்து, பேசி, நிதானமாகத் திரும்பி வர ஒரு சின்ன ஊர் வேண்டும் என்று யோசித்தபோது உத்திரமேரூர் என்று முடிவானது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் குடவோலை முறையோடு சேர்த்து நாம் எல்லோரும் படித்த ஊர். படித்தவர்களில் நேரில் போய்ப் பார்த்தவர்கள் என் வட்டத்தில் மிகக் குறைவு.

திட்டம் போடும்போதே ஒன்றில் உறுதியாக இருந்தேன். ஒரு ஊர், அதற்கு அப்புறம் ஒரு ஏரி. அதற்கு மேல் எதுவும் கிடையாது. வரைபடத்தைத் திறந்தால் ஆசை விடாது. இந்தப் பக்கம் காஞ்சிபுரம், அந்தப் பக்கம் மதுராந்தகம், நடுவில் திருமுக்கூடல் என்று எல்லாமே பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் நாள் முழுக்க வண்டியில் ஏறி இறங்குவதிலேயே போய்விடும். அப்பாவுக்குக் கல்வெட்டு என்றால் உயிர். அம்மாவுக்குக் கோயில் வேண்டும், பறவைகள் வேண்டும். இரண்டு பேருக்கும் முட்டிவலி உண்டு. இதை வைத்துத்தான் நாளை அமைத்தேன்: காலையில் உத்திரமேரூர், மாலையில் வேடந்தாங்கல். நடுவில் சாப்பாடும் ஏரிக்கரையும்.

எந்த மாதம் என்பது இங்கே முக்கியம். வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருப்பது நவம்பரிலிருந்து மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்திருந்தால்தான் அவை தங்கும். அதனால் டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி சரியான நேரம். வெயிலும் தாங்கும்படி இருக்கும். நாங்கள் மார்கழியில் போனோம்.

காரில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துச் செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, புக்கத்துறை கூட்டுரோட்டில் வலப்புறம் திரும்பினால் போதும். விடிந்ததும் கிளம்பிவிட்டால் பரனூர் சுங்கச்சாவடியில் நெரிசல் இருக்காது. கார் இல்லாதவர்களுக்கும் வழி சுலபம். புறநகர் ரயிலில் செங்கல்பட்டு வரை போய் அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். உண்மையில் அந்த ரயில் பயணமே அழகு. செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டியே வரும்.

புக்கத்துறையில் திரும்பியதும் காட்சி மாறிவிடுகிறது. இரண்டு பக்கமும் நெல் வயல், நடுநடுவே பனைமரம், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர். அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏசியை நிறுத்துப்பா" என்றார். அதற்கப்புறம் ஊர் வரை யாரும் அவசரப்படவில்லை. வழியில் ஒரு டீக்கடையில் இறங்கி இட்லியும் வடையும் சாப்பிட்டோம்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் சுந்தரவரதப் பெருமாள் கோயில். வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை: இந்தக் கோயிலை முதலில் பார்த்துவிட வேண்டும், கல்வெட்டு மண்டபத்தை அடுத்து வைத்துக்கொள்ளலாம். மதியத்துக்கு முன்பே நடை சாத்திவிடுவார்கள், அப்புறம் மாலையில்தான் திறப்பார்கள். பல்லவர் காலத்துக் கோயில் இது. விமானம் மூன்று நிலை கொண்டது, மூன்று நிலையிலும் சந்நிதி உண்டு. கீழே பெருமாள் நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம் (அமர்ந்தபடி), மேலே கிடந்த கோலம். ஒரே கோயிலில் மூன்று கோலத்திலும் சேவிக்கக் கிடைக்கிற இடங்கள் தமிழ்நாட்டில் சிலவே. தலபுராணம் இந்தக் கோயிலைப் பாண்டவர்களோடு சேர்த்துச் சொல்கிறது. மேல் நிலைக்குப் படியேற வேண்டும். அம்மா கீழேயே நின்று, "நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு, அதுவே எனக்குத் தரிசனம்" என்று சொல்லிவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கி வந்து சொல்லச் சொல்ல, கையைக் கூப்பியபடி கேட்டார்.

இனி இந்தப் பயணத்தின் நடுநாயகம். வைகுண்டப் பெருமாள் கோயில் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. பெரிய கோபுரம் எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. உயரமான கல் பீடம், அதன் மேல் மண்டபம், அவ்வளவுதான். ஆனால் அந்த மண்டபத்துச் சுவர் முழுக்க எழுத்து. முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபை கூடி, தன் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த இடம் இது. ஊர்ச் சபை கூடிய மண்டபமும் இதுதான்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவருக்கு ஓரடி தள்ளி நின்றார். கையை வைக்கவில்லை, விரலைக் காற்றிலேயே நகர்த்தினார். சோழர் காலத்துத் தமிழ் எழுத்து, நடுவே வடசொற்களுக்குக் கிரந்தம். புள்ளி வைக்கும் வழக்கம் இல்லாததால் எது மெய், எது உயிர்மெய் என்று நாமேதான் கூட்டிப் படிக்க வேண்டும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கி நன்றாகத் தெரிகிறது. உச்சி வெயிலில் அவ்வளவு தெளிவு கிடைக்காது. கொஞ்ச நேரம் கண் பழகியதும் எனக்கே இரண்டு மூன்று எழுத்துகள் பிடிபட்டன. 'ட' இன்றைக்கு எழுதுவதுபோலவே இருக்கிறது. ஓர் எழுத்தை அடையாளம் கண்டதும் அதே எழுத்து அந்த வரியில் எங்கெல்லாம் வருகிறது என்று தேடத் தோன்றுகிறது. நேரம் போனதே தெரியவில்லை.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்பின் பெயரோடு கட்டாகக் கட்டிக் குடத்தில் போட வேண்டும். சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். ஓலையில் இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை எதையும் மறைத்து வைத்திருக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? அவர் படித்த ஓலையை அங்கே இருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) எல்லோரும் மறுபடி வாங்கி வாசிக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கள்ள ஓட்டு எப்படியெல்லாம் நடக்கும் என்று யோசித்து, விரலை எப்படி வைக்க வேண்டும் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார்கள்.

தகுதி என்னவென்றால், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். வயது முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அதைத் திருத்தி 35 முதல் 70 வரை ஆக்கியிருக்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கவே முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பெரியன்னை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் என்று உறவுப் பட்டியலே நீள்கிறது. அப்பா அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இடத்தை நான் கைப்பேசியில் இருந்த அச்சுப் பாடத்திலிருந்து வாசித்துச் சொன்னதும், "சபாஷ்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

இதை இன்றைய மக்களாட்சியோடு அப்படியே ஒப்பிட்டுப் பெருமைப்படுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். நிலம் உள்ள, வேதம் படித்த ஆண்கள் மட்டுமே பங்கெடுத்த ஏற்பாடு. வயலில் உழைத்தவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் அதிகாரத்தில் இருப்பவன் கணக்குச் சொல்லியாக வேண்டும், ஒரே ஆள் திரும்பத் திரும்ப உட்காரக் கூடாது என்ற இரண்டையும் இவ்வளவு கறாராகக் கல்லில் வெட்டியவர்களை மதிக்காமலும் இருக்க முடியவில்லை.

அங்கே காவலுக்கு இருந்தவர் அப்பா நின்ற நிலையைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "உக்காந்து பாருங்க ஐயா. வர்றவங்க பத்து நிமிஷத்துல போட்டோ எடுத்துட்டுப் போயிடுறாங்க" என்றார். அப்பா உட்கார்ந்து இன்னும் ஒரு மணி நேரம் பார்த்தார். இந்தப் பயணத்தில் வேறு இடங்களைச் சேர்க்காமல் விட்டதற்குக் காரணமே இந்த ஒரு மணி நேரம்தான்.

மதியம் சாப்பாட்டுக்கு ஊருக்குள் சின்ன மெஸ்கள் இருக்கின்றன. வாழையிலையில் சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர். ஞாயிறு என்றால் சீக்கிரம் போய்விடுவது நல்லது, இரண்டு மணிக்கு மேல் பொரியல் தீர்ந்துவிடுகிறது. வெயில் தணியும் வரை என்ன செய்வது என்பதுதான் சிற்றூர்ப் பயணங்களில் எப்போதும் வரும் கேள்வி. இங்கே அதற்கு விடை ஏரிக்கரை.

உத்திரமேரூர் ஏரிக்குப் பழைய பெயர் வயிரமேக தடாகம், பல்லவர் காலத்து ஏரி. குடத்திலிருந்து எடுத்த 30 பேரில் கல்வியிலும் வயதிலும் மூத்த 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), 12 பேர் தோட்ட வாரியம், மீதி 6 பேர் ஏரி வாரியம். அந்த ஆறு பேர் பார்த்துக்கொண்ட நீர் இதுதான். தானமாக வந்த பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் தூர்வாரியதைச் சொல்லும் கல்வெட்டுகளும் இந்த ஊரில் உண்டு. காலையில் சுவரில் படித்தது மதியம் கண்முன்னே அலையடித்தது. கரை மேல் மரநிழலில் பாயை விரித்து அம்மா கண்ணயர்ந்தார். தூரத்தில் மதகுப் பக்கம் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் நானும் பேச்சை ஏரி வாரியத்தில் ஆரம்பித்து, எங்கள் ஊரில் பிளாட் போட்டுப் போன தாங்கல் (சின்ன ஏரி) வரைக்கும் போனோம். அந்தத் தாங்கலில் அப்பா நீச்சல் பழகியவர். இப்போது அங்கே மழைக்காலம் வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மூன்றரை மணிக்குக் கிளம்பி, கிராமச் சாலைகள் வழியாக வேடந்தாங்கல். இங்கே மாலைதான் நேரம். இரை தேடப் போன பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்புவது நாலு மணிக்கு மேல். ஆறு மணிக்குள் நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால், கிடைக்கும் இரண்டு மணி நேரத்தையும் கரையிலேயே கழிக்கும்படி வர வேண்டும். நடைபாதை சமதளம், வழியில் உட்கார இடம் உண்டு. முட்டிவலிக்காரர்களும் தாராளமாக நடக்கலாம். காட்சிக் கோபுரத்தில் ஏறாவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை. பைனாகுலர் மட்டும் கட்டாயம்.

தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கிளை தெரியாத அளவுக்குக் கூடுகள். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் என்று அம்மா ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். கரண்டிவாயன் தண்ணீரில் அலகைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித் துழாவுவதைப் பைனாகுலரில் பார்த்ததும் கருவியைத் திருப்பித் தரவே இல்லை. நத்தைகுத்தியின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும். நத்தையைப் பிடித்து உடைக்காமல் உள்ளே இருப்பதை உருவியெடுக்க அது தோது.

சுமார் 30 ஹெக்டேர்தான் இந்த ஏரி. 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் இதைக் காப்பாற்றியது முதலில் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள்தான். பறவை எச்சம் விழுந்த நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வேட்டைக்காரர்களின் துப்பாக்கியை எதிர்த்து அவர்கள் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார். இப்போதும் பறவைகள் இருக்கும் காலத்தில் இங்கே பட்டாசு வெடிக்காமல் இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். போகிறவர்களும் கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் கைப்பேசியில் பாட்டுப் போட்டுக்கொண்டு நடந்தது. ஒரு பெரியவர் போய் அன்பாகச் சொன்னதும் நிறுத்திவிட்டார்கள்.

அதே லயனல் பிளேஸுக்குத்தான் மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலோடும் தொடர்பு. உடையவிருந்த ஏரிக்கரையை ராமலட்சுமணர் காத்து நின்றதைப் பார்த்து, தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் அங்கே உண்டு. ஜி.எஸ்.டி.யில் ஏறியதும் அப்பா, "மதுராந்தகம் இங்கேருந்து கிட்டதானே?" என்று கேட்டார். கிட்டதான். ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே, பொங்கல் கூட்டம் குறைந்ததும் போவதாகப் பேசி முடித்துக்கொண்டு செங்கல்பட்டில் தோசை சாப்பிட வண்டியை நிறுத்தினோம்.