வார்டுக்குள் எட்டு நிமிட நாடகம்

கைகளைச் சுத்தம் செய்யவேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் வரிசைப்படுத்துகிறது. கேட்டால் மருத்துவமனை வார்டில் எல்லாரும் ஒப்பிப்பார்கள். ஆனால் பக்கத்தில் நின்று கவனித்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: நோயாளியைத் தொட்ட பிறகு கை சுத்தம் செய்கிறவர்கள், தொடும் முன்பு அந்த அளவுக்குச் செய்வதில்லை. தன் கை அழுக்கு என்று தோன்றினால்தானே கை, கைதேய்ப்புத் திரவ பாட்டிலைத் தேடும்! இதற்கு இன்னொரு வகுப்பு எடுத்துப் பயனில்லை. நாடகம் போடலாம்.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த ஃபோரம் தியேட்டர் இதற்குப் பொருந்தும். காட்சி தவறாக முடியும். மறுபடி நடிக்கும்போது பார்ப்பவர் ‘நிறுத்து’ என்று சொல்லி, சிக்கலில் இருக்கும் பாத்திரத்தின் இடத்துக்கு வந்து வேறு வழியை நடித்துப் பார்க்கலாம்.

ஒரு நாடகத்துக்கு ஓர் ஆய்வு முடிவு போதும். ஐந்து தருணங்களையும் திணித்தால் சுவரொட்டிக்குக் கைகால் முளைத்த மாதிரி இருக்கும். எட்டு நிமிடம், மூன்று பாத்திரம்: நர்ஸ், நோயாளி, அவசரப்படுத்தும் டாக்டர். ஒரு கட்டில், டிரிப் ஸ்டாண்ட், கைதேய்ப்புத் திரவ பாட்டில். பாட்டில் எங்கே இருக்கிறது என்பதுதான் கதையே; வார்டில் கதவோரம் இருந்தால் மேடையிலும் கதவோரம்தான். கை தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும், அதைக் குறைக்காமல் நடிக்கவேண்டும். நீண்டுபோகும் அந்த மௌனத்தில்தான் டாக்டரின் ‘சீக்கிரம்’ கனக்கும்.

வசனத்தை ஆய்வாளரும் வார்டில் வேலை செய்பவரும் தனித்தனியே படிக்கட்டும். ஆய்வு சொல்லாததை நாடகம் சொன்னால் முன்னவர் பிடிப்பார். ‘இப்படி யாரும் பேச மாட்டோம்’ என்பார் பின்னவர்.

நர்ஸைச் சோம்பேறியாக எழுதினால் நாடகம் அங்கேயே செத்தது. பார்ப்பவர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். மேலதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்தால் ‘நிறுத்து’ என்று யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் முதல் காட்சி ஒரே படிநிலையில் உள்ளவர்களுக்கு. யாராவது ஏறிவந்து ‘நான் கை தேய்த்துவிடுவேன், அவ்வளவுதான்’ என்று முடித்துவிடுவதும் உண்டு. நடத்துபவர் அதோடு விடக்கூடாது. ‘அதுவரை அடிக்கிற டிரிப் அலாரத்தை யார் பார்ப்பது?’ என்று கேட்கவேண்டும். பாட்டிலைக் கட்டில் தலைமாட்டுக்கு மாற்றும் யோசனை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வரும். வந்ததும் யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கைதட்டலை அளவாகக் கொள்ளாதீர்கள். நாடகத்துக்கு முன்பு பயன்படுத்திய அதே கவனிப்புத் தாளோடு, மூன்று மாதம் கழித்துப் போய் எண்ணவேண்டும். அந்த வாரமே எண்ணினால் கணக்கு எப்படியும் ஏறியிருக்கும். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே கை பாட்டிலுக்குப் போய்விடுகிறதே.